சொடக்குப் பந்தும் ஒரு வாத்தியாரின் தவறும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். பந்தை விரலில் பிடிக்கும் விதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நான் செய்த தவறும் ஒன்று இருக்கிறது.

1994ஆம் ஆண்டு. எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லாததால் மாலை விளையாட்டு என் பொறுப்பு. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய காய்ந்த தரைதான் மைதானம். டென்னிஸ் பந்துதான் பந்து. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பந்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, மடக்கிய நடுவிரலால் கேரம் காயைச் சுண்டுவது போலச் சுண்டி வீசினான். விழுந்த பந்து மட்டையை விட்டு விலகி ஓடியது. "இது என்னடா கோலி விளையாட்டா? ஒழுங்காப் பிடிச்சுப் போடு" என்று எல்லார் முன்னாலும் அதட்டினேன். மறுநாளிலிருந்து அவன் பந்து வீசவில்லை. விக்கெட் கீப்பராக நின்றுகொண்டான்.

எனக்குத் தெரிந்த 'ஒழுங்கான பிடி' ஒன்றுதான்: சீம் என்கிற தையலின் மேல் இரண்டு விரல், அடியில் கட்டைவிரல். நம் பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டின் மொறப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே.கோபாலன் ஒரு வேகப்பந்து வீச்சாளர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். 1987இல் டென்னிஸ் லில்லி சென்னைக்கு வந்து எம்.ஆர்.எஃப். பயிற்சி மையத்தில் வேகப்பந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். தோல் பந்தில் வேகம் போடுகிறவர்களுக்குத் தையல் மேல் விரல் வைப்பதுதான் அரிச்சுவடி. தையலைச் சற்றுச் சாய்த்து வீசினால், பந்தின் ஒரு பக்கம் காற்று வழுக்கிப் போகும், மறுபக்கம் தையலில் இடறிக் கலங்கும். அதனால் புதுப் பந்து தையல் சாய்ந்த பக்கம் வளையும்.

ஆனால் டென்னிஸ் பந்தில் அப்படிப் புடைத்த தையல் ஏது? அங்கே சுழற்சிதான் எல்லாம். சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைவதை 1672இலேயே நியூட்டன் எழுதியிருக்கிறார். 1852இல் ஜெர்மானியர் மாக்னஸ், சுழலும் பொருளைக் காற்று பக்கவாட்டில் தள்ளுவதைச் சோதித்துக் காட்டினார். அமெரிக்கப் பிள்ளைகள் கையைக் கீழிருந்து சுழற்றி வீசும் சாஃப்ட்பாலிலும் இதே கணக்குத்தான். கடைசி நொடியில் விரல் நுனி பந்தை எந்தப் பக்கம் உருட்டிவிடுகிறதோ, அதைப் பொறுத்துப் பந்து தாழும் அல்லது விலகும்.

சுண்டிப் போடும் முறையும் புதிதல்ல. டேபிள் டென்னிஸ் பந்தை நடுவிரலால் சுண்டிப் பழகிய ஆஸ்திரேலியர் ஜாக் ஐவர்சன், 1950-51 ஆஷஸ் தொடரில் 21 விக்கெட் எடுத்தார். பிறகு அந்த வித்தை பெரிதாகப் பேசப்படவில்லை. 2008 ஜூலை 6 அன்று கராச்சியில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 13 ரன் கொடுத்து 6 இந்திய விக்கெட்டுகளைச் சாய்த்தார். டி.வி.யில் அவருடைய விரல்களைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே நடுவிரல்!

பின்னாலேயே நம் அஸ்வின் வந்தார். இந்தச் 'சொடக்கு பாலை' சென்னைத் தெரு கிரிக்கெட்டில் பார்த்துக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். 2011இல் டெல்லியில் முதல் டெஸ்டிலேயே 9 விக்கெட். 2024இல் ஓய்வு பெற்றபோது 537. உலகம் 'கேரம் பால்' என்று கொண்டாடியதை, எங்கள் பள்ளிப் பையன் உப்பளத்தங்கரையில் எவரும் சொல்லித்தராமலே போட்டுக் காட்டியிருந்தான்.

அவன் பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. "எப்படிடா போட்டே? இன்னொரு தடவை காட்டு" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்குத் தெரியாததைத் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

தம்பி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். மன்னித்துக்கொள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. என் பேரன் டென்னிஸ் பந்தோடு காத்திருக்கிறான். அந்தச் சொடக்கை அவனுக்கு நீதான் சொல்லித்தர வேண்டும். நானும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்