தேங்கிய சீழும் பரவும் வீக்கமும்

அபர்தீன் நகரத்து ரண வைத்தியர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன், பல கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்து தாம் கண்டவற்றை 1880இல் பெர்லினில் கூடிய ஜெர்மானிய ரண வைத்தியர் மாநாட்டின்முன் வைத்தபோது, சீழ் காயம் ஆறுவதற்கு நல்ல அறிகுறி என்னும் பழைய நம்பிக்கையின் அஸ்திவாரம் ஆட்டங்கண்டது. கொதிப்பும் நோவுமாக எழுந்த கட்டிகளில் உருண்டைக் கிருமிகள் இருந்தன. சூடின்றி மெல்ல வளர்ந்த கட்டிகளில் அவை இல்லை. கிருமியுள்ள சீழைச் சுண்டெலிக்குச் செலுத்தினால் கட்டி உண்டாயிற்று. காய்ச்சியோ கார்பாலிக் அமிலம் கலந்தோ செலுத்தினால் உண்டாகவில்லை. கொத்துக் கொத்தாய்க் கிடந்த அக்கிருமிகளுக்கு அவர் 1882இல் ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார்.

கிருமி இன்னதென்று அறிந்தால் அதற்குரிய மருந்தைக் கொடுத்து நோயைத் தீர்த்துவிடலாம் என்று பிற்காலத்தார் செய்துகொண்ட அனுமானம் பாதி உண்மையே என்பது என் அபிப்பிராயம். தோல் நோய்ச் சிகிச்சையில் முதற்கண் நிர்ணயிக்க வேண்டியது கிருமியின் ஜாதியன்று. அது சீழாகத் தேங்கி நிற்கிறதா, திசுக்களினூடே பரவிச் செல்கிறதா என்பதே. தேங்கிய சீழைச் சுற்றி உடலே ஒரு சுவரை எழுப்பிவிடுகிறது. அதனுள் இரத்த ஓட்டம் இல்லை, புளிப்புத் தன்மை மிகுதி, கிருமிகளோ பெருகுவதைக் குறைத்துக்கொண்டு மந்தமாய்க் கிடக்கின்றன. இரத்தத்தின் வழியே வரும் மருந்து அங்கே போதிய அளவு சென்று சேர்வதும் அரிது, சேர்ந்தாலும் பெருகாத கிருமியை எளிதில் கொல்வதில்லை. ஆகவே கட்டியைக் கீறி, உள்ளறைகளை விரல் நுழைத்தோ கருவி கொண்டோ உடைத்துச் சீழை வெளியேற்றுவதே முதற் சிகிச்சை. நம் வீடுகளில் கட்டிக்குப் பற்றுப்போட்டுப் பழுக்கவைத்து உடைப்பதைப் படித்தவர்கள் இகழ்வதுண்டு; பற்றிலுள்ள சரக்குகளுக்காக நான் வாதாட வரவில்லை, எனினும் சீழ் வெளியேறியாக வேண்டும் என்ற தீர்மானத்தில் பாட்டிமார் பிசகவில்லை.

இதற்குப் பிரமாணம் 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி. கட்டி கீறப்பட்ட 1,200க்கு மேற்பட்டோரில் ஒரு சாராருக்கு டிரைமெத்தோப்ரிம்-சல்ஃபமெதாக்ஸஸோல் என்னும் கிருமிக்கொல்லி மருந்தும், மறுசாராருக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், மருந்து உண்டவரில் 80.5 சதவிகிதத்தினர் குணமாயினர், உண்ணாதவரிலும் 73.6 சதவிகிதத்தினர் குணமாயினர். நூற்றுக்கு ஏழு பேர் பெற்ற நன்மையை அலட்சியம் செய்வதற்கில்லை. காய்ச்சல் கண்டவருக்கும் நீரிழிவுக்காரருக்கும் மருந்து வேண்டியதே. ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்தது கத்தி என்பதில் ஐயமில்லை.

செல்லுலைட்டிஸ் என்னும் பரவும் வீக்கத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே கீறி எடுக்கச் சீழ் இல்லை; மருந்தே முதற் சிகிச்சை. கால் சிவந்து, பளபளத்து, தொட்டால் கொதிக்கும். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி செய்யும் வேலை அது. அவற்றுள் ‘ஏ’ தொகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றளவும் பென்சிலினுக்குப் பணிகிறது என்பது, மருந்துகள் ஒவ்வொன்றாய்த் தோற்றுவரும் இக்காலத்தில் வியப்புக்குரியது. வெளித்தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி மட்டும் விதிவிலக்கு: அது தசையுறை அழுகும் நோயின் அறிகுறியாகலாம், அந்நோயில் தாமதமின்றிக் கத்தியே வேண்டும்.

வீக்கம் ஒரே காலில் மீண்டும் மீண்டும் வருமானால், வைத்தியர் கால்விரல் இடுக்கை விரித்துப் பார்ப்பது அவசியம். வயற்சேற்றில் நின்று வேலை செய்பவரின் சேற்றுப்புண்ணிலுள்ள வெடிப்பு கிருமிக்குத் திறந்த வாசல். யானைக்கால் கண்டவரிடம் நிணநீர் தேங்கியிருப்பதால் அபாயம் இன்னும் அதிகம். நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் நில்லாமல் துடைத்து, புண்ணுக்குக் களிம்பிட்டு வந்தாலே அவர்களுக்குக் காய்ச்சலும் வீக்கமும் வரும் தடவைகள் குறைகின்றன.