இலக்கங்களின் வரிசையும் வினாக்களின் வரலாறும்

கொடுக்கப்பட்ட இலக்கங்களை இடம்மாற்றி அடுக்கி ஆகப்பெரிய எண்ணை ஆக்குக என்பது, கணனிக்குச் செய்நிரல் எழுதப் பழகுவோர்க்குத் தொடக்கத்தில் இடப்படும் பயிற்சிகளுள் ஒன்று. இருப்பவற்றுட் பெரிய இலக்கத்தை முதலில் இடுக. எஞ்சியவற்றுட் பெரியதை அதன் பின் இடுக. முடியும்வரை அவ்வாறே செய்க. அவ்வப்போது கைக்கெட்டியவற்றுட் சிறந்ததைப் பற்றிக்கொண்டு, பின்னர் அதனை மீளாய்வு செய்யாத இம்முறைக்குப் பேராசைப் படிமுறை என்று பெயர். இத்தகையன யாவும் நம் முன்னோர் என்றோ கண்டவையே எனப் பெருமிதங் கொள்வாரும், கீழைத்தேய மரபுக்கும் இவற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை எனத் தள்ளிவிடுவாரும் உளர். இரு சாராருமே விடைகளை நோக்குகின்றனரன்றி வினாக்களை நோக்குவதில்லை.

இலக்கிய மாணவராகிய நாம் இதனுட் புகுவதற்குக் காரணமுண்டு. வடமொழி மரபில் இடமாற்றக் கணிதத்தின் தொட்டில்களுள் ஒன்று யாப்பாகும். குறிலும் நெடிலும் எத்தனை வகையாக அடுக்கப்படலாம் என்ற வினாவே பிரஸ்தாரம் எனும் பட்டியலிடும் முறையை வளர்த்தது. 1150இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கராச்சாரியர், சேர்மானக் கணக்கு யாப்பிற்கும் இசைக்கும் கட்டடக் கலைக்கும் சுவைகளை வகுக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுமென்கிறார். அரண்மனை வாயில்களின் வேறுபாடுகளை எண்ணுமாறும் அவர் கேட்கிறார். அரசவையையும் அதனைச் சார்ந்த கற்றோர் குழாத்தையும் இவ்வுதாரணங்களிற் காண்பது கடினமன்று.

அந்நூலில் 'அங்கபாசம்' என்ற பகுதியே எமக்கு ஈண்டு முக்கியமானது. 2 முதல் 9 வரையுள்ள எட்டு இலக்கங்களால் எத்தனை எண்கள் அமையும், அவற்றின் கூட்டுத்தொகை யாது என்பது அங்கு வரும் ஒரு வினா. விடைகள் முறையே 40320, 2463999975360. ஒவ்வோர் இலக்கமும் ஒவ்வோர் இடத்திலும் 5040 தடவை நிற்குமென்பதை அறிந்தால், ஓர் எண்ணையேனும் எழுதாமல் இத்தொகையைப் பெறலாம். வியக்கத்தக்க சிக்கனந்தான். ஆயினும் வினா 'மொத்தம் எத்தனை' என்பதே. 'ஆகச்சிறந்தது எது, அதனை எத்தனை அடிகளில் அடையலாம்' என்பதன்று. இவ்வெட்டு இலக்கங்களையே பேராசைப் படிமுறையிடம் கொடுப்போமாயின், 28 ஒப்பீடுகளில் 98765432 கிடைத்துவிடும். ஏனைய 40319 எண்களையும் அது ஏறிட்டும் பார்ப்பதில்லை.

அது ஏன் பிழைப்பதில்லை? சிறிய இலக்கமொன்று பெரிய இலக்கத்துக்கு இடப்புறம் நின்றால், அவ்விரண்டையும் இடம்மாற்ற எண் பெருகும். எனவே இறங்குவரிசையைத் தவிர வேறெவ்வரிசையும் ஆகப்பெரியதாகாது. இத்தருக்கம் இடப்பெறுமானத்தின்மேல் நிற்பது. பழந்தமிழ் முறையில் 342ஐ ௩௱௪௰௨ என எழுதினர். பத்துக்கும் நூறுக்கும் தனிக்குறிகள் இருந்தமையால், குறிகளைக் கலைத்து அடுக்கினால் எண்ணே அமையாது போதல் கூடும்.

1356இல் கணித கௌமுதியை எழுதிய நாராயண பண்டிதர் இத்துறையை மேலும் விரித்தார். ஒரு வரிசையிலிருந்து அதற்கடுத்த பெரிய வரிசையைப் பெறும் முறையை டொனால்ட் குனூத் அவருக்கே உரியதாக்குகிறார். 13542ஐ எடுத்துக்கொள்வோம். வலமிருந்து வருகையில், தன் வலப்பக்க அயலிலும் சிறியதாக முதலில் எதிர்ப்படும் இலக்கம் 3. அதன் வலப்புறத்தே அதனிற் பெரியவற்றுட் சிறியதான 4உடன் அதனை மாற்றி, பின்னுள்ள வாலைத் திருப்பினால் 14235 வரும். வாலை ஆகச்சிறிய வடிவுக்குக் கொணரும் இவ்வடியிற் பேராசைப் படிமுறையின் வித்து உளது. எனினும் அது சகல வரிசைகளையும் ஒன்றுவிடாது நிரல்படுத்தும் நோக்குக்கே பணிபுரிந்தது. வித்து இருந்தது, அது முளைக்க வேண்டிய சமுதாயத் தேவை இருக்கவில்லை.

அத்தேவை பிறிதொரு சூழலில் எழுந்தது. 1926இல் செக்கோசிலவாக்கியக் கணிதவியலாளர் ஒட்டாக்கர் பொரூவ்கா, மொராவியாவின் ஊர்களை மிகக் குறைந்த கம்பி நீளத்தில் மின்வலையால் இணைக்கும் வழியை ஆராய்ந்தார். ஒவ்வோர் ஊரையும் தனக்கு மிக அண்மையிலுள்ள ஊரோடு இணைத்து, அவ்வாறமைந்த தொகுதிகளையும் அவ்வாறே இணைத்துச் செல்வது அவர் முறை. கம்பி விலையுள்ள பண்டம். பின்னர் கணனியின் நேரமும் விலைக்குரிய பண்டமாயிற்று. அடிகளை எண்ணுவது கணிதத்தின் மையக் கருமங்களுள் ஒன்றாயிற்று. 1971இல் ஜக் எட்மன்ட்ஸ் வெளியிட்ட கட்டுரையொன்றின் தலைப்பிலேயே 'பேராசை' என்ற அடைமொழி இடம்பெற்றது. எச்சமுதாயத்தில் அப்பெயர் இத்துணை இயல்பாக ஒட்டிக்கொண்டது என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

பேராசை எங்கும் வெல்லுமென்பதில்லை. இலக்கங்களுக்குப் பதிலாக எண்களை ஒட்டி ஆகப்பெரிய எண்ணை ஆக்க முனைவோமாயின் அம்முறை இடறும். 3, 30 என்பவற்றுட் பெரியதென 30ஐ முன்வைத்தால் 303தான் வரும். சிறியதை முன்வைத்தால் 330. ஈண்டு ஒப்பிட வேண்டியவை 3உம் 30உம் அல்ல. அவற்றை இருவகையாக ஒட்டிய 330உம் 303உமே.