படம் வந்த பிறகும்

அண்ணனுக்கு மனச்சிதைவு வந்தபோது ஊர் சொன்னது: “வளர்ப்பு சரியில்ல.” பெரியம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். ஊர் மட்டுமா? அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் 1948இலேயே ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்று எழுதியிருந்தார்.

1976இல் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டோன், டிம் க்ரோ குழு நெடுநாள் நோயாளிகள் 17 பேருக்கு சிடி ஸ்கேன் எடுத்தது. மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள், நோயில்லாதவர்களுடையதைவிட சராசரியாகப் பெரிதாக இருந்தன. எல்லோருக்கும் அப்படி இருப்பதில்லை. ஸ்கேனை மட்டும் பார்த்து இன்றும் நோயைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஆராய்ச்சியாளர்களின் பார்வை தாயிடமிருந்து மூளைக்குத் திரும்பியது.

அண்ணன் நோயில் விழுந்தது 1989இல். படம் வந்து 13 வருஷம் கழித்து. போன மாதம்தான் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“அப்பவே ஒருத்தராச்சும் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.