ஊரை விட்டுப் போன பிள்ளைகள்: பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வரலாற்றுப் பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு, பொறுமையாகப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு கேள்வி வந்தது. "ஏனுங்க டீச்சர், இந்த ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், ஆணாப் பொறந்து பெண்ணா மாறுறது, இதெல்லாம் வெளிநாட்டுல இருந்து இப்ப வந்ததுதானே? நம்ம காலத்துல ஏதுங்க?" கேட்டவர் கிண்டலாகக் கேட்கவில்லை. வயசுக்கு வந்த பிள்ளைகளை வைத்திருக்கிற அப்பாவின் பயம் அந்தக் கேள்வியில் இருந்தது. வரலாறு நடத்தியவள் என்ற முறையில் வரலாற்றாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் வார்த்தைகள். ஆண் என்று பிறப்பில் எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. தன் பாலினத்தவர் மீதே காதல் வருபவருக்குத் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று பெயர். இது மூன்றும் வேறு வேறு. நம் ஊரில் எல்லோரையும் ஒரே கெட்ட வார்த்தையில் அடக்கிவிடுகிறோம், அதனால்தான் இதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

வெளிநாட்டில் இருந்து வந்ததா? தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களுக்கு இலக்கணம் உண்டு. அவர்களை உயர்திணையில் வைத்துத்தான் அங்கே பேசப்படுகிறது. உளுந்தூர்ப்பேட்டை பக்கம் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா உங்களுக்கே தெரியும். வெளிநாட்டில் இருந்து வந்தது தண்டனைதான். ஆங்கிலேயர் 1860-ல் இயற்றி 1862-ல் அமலுக்குக் கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, தன்பாலினத்தவர் உறவை ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய குற்றமாக்கியது. சுதந்திரம் வந்த பிறகும் அது அப்படியே இருந்தது.

சரி, அந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன நடந்தது? அடி விழுந்தது. கோயில், மந்திரிப்பு என்று அலைந்தார்கள். பிள்ளை ஒருநாள் பஸ் ஏறிவிட்டது.

நம் பக்கத்துக் கதையே சொல்கிறேன். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் எழுத்தாளர் ஏ.ரேவதி. வீட்டை விட்டு ஓடி டெல்லி, பம்பாய் என்று போனவர். அவரைச் சேர்த்துக்கொண்டது திருநங்கைகளின் ஜமாத். அங்கே மூத்த திருநங்கை ஒருவர், வீடிழந்து வரும் இளையவரை மகளாகத் தத்தெடுப்பார். சோறும் படுக்க இடமும் கிடைக்கும், கேட்பதற்கு ஓர் அம்மா, பாட்டி, அக்கா தங்கை கிடைப்பார்கள். அரசாங்கம், தொண்டு நிறுவனம் எதுவும் எட்டிப் பார்க்காத காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நம் நாட்டில் இருந்த ஆதரவுத் திட்டம் அது ஒன்றுதான். ஆனால் பிழைப்புக்கு வழி? கடை கடையாகக் கை நீட்டுவது, இல்லாவிட்டால் பாலியல் தொழில். வேறு வேலை யாரும் கொடுக்கவில்லை. ரேவதி பின்னாளில் பெங்களூரு 'சங்கமா' அமைப்பில் பணியாற்றினார். 2004-ல் வெளிவந்த 'உணர்வும் உருவமும்' அவர் தொகுத்த நூல். அவருடைய தன்வரலாறு 2010-ல் ஆங்கிலத்திலும் பிறகு 'வெள்ளை மொழி' என்று தமிழிலும் வந்தது. நாமக்கல் பிள்ளைக்கு உதவி கிடைத்த ஊர்கள் டெல்லியும் பம்பாயும் பெங்களூரும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கட்டம் ஒரு நோயால் வந்தது. 1986-ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதன்பின் தடுப்புப் பணிக்குப் பணம் வந்தது. ஆண்களை விரும்பும் ஆண்களும் திருநங்கைகளும் கூடிப் பேச ஓர் இடம் கிடைத்தது. 1998-ல் சுனில் மேனன் சென்னையில் தொடங்கிய 'சகோதரன்' அப்படிப்பட்ட அமைப்புகளில் முன்னோடி. ஆனால் பணம் வந்த நோக்கம் நோய்த்தடுப்பு. வகுப்பில் கேலி தாங்காமல் படிப்பை விடும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதில் இடம் குறைவு.

உதவி செய்தவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. 2001 ஜூலையில் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணி செய்த தொண்டு நிறுவன ஊழியர்கள் 377-ஆம் பிரிவைக் காட்டிக் கைது செய்யப்பட்டார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார்கள். இந்த நிலையில் எந்த ஆசிரியர், எந்த டாக்டர் துணிந்து ஒரு பிள்ளைக்குக் கை கொடுப்பார்?

அப்படியும் சிலர் செய்தார்கள். 2003-ல் சென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். பின்னர் அதற்கு 'ஓரினம்' என்று பெயர் வைத்தார்கள். மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது, தொலைபேசியில் கூப்பிட்டவருக்குக் காது கொடுப்பது, தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் எழுதுவது என்று வேலை செய்தார்கள். பெற்றோர் தங்கள் அனுபவத்தை எழுதிய பக்கங்களும் அதில் உண்டு. "உலகத்தில் நான் ஒருத்தன்தான் இப்படியோ" என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, தமிழில் ஒரு பக்கம் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. மதுரையில் கோபி ஷங்கர் 'சிருஷ்டி' என்ற மாணவத் தன்னார்வலர் குழுவைத் தொடங்கி, 2012-ல் அங்கே வானவில் விழா நடத்தினார்.

அரசாங்கம் வந்த கதைக்கு வருவோம். இதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 2006 டிசம்பரில் வந்த அரசாணை, பெற்றோருக்கு ஆலோசனை தர வேண்டும், பள்ளியிலும் கல்லூரியிலும் இடம் மறுக்கக் கூடாது என்று சொன்னது. 2008 ஏப்ரல் 15-ல் திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. 'திருநங்கை' என்ற மரியாதையான சொல்லை அரசு ஏற்றதும் கலைஞர் ஆட்சியின் அந்தக் காலத்தில்தான். அந்தச் சொல்லோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் நர்த்தகி நடராஜ். மதுரைக்காரர். வீட்டை விட்டு வந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் நடனம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். நம் பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்ரமணியம் 'சகோதரி' அறக்கட்டளையைத் தொடங்கி எழுத்து, கலை, படம் என்று பேசத் தொடங்கினார். சேலத்துப் பிள்ளை பிரித்திகா யாஷினி சென்னைக்குப் போய், விடுதி வார்டனாக வேலை பார்த்துக்கொண்டே எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் அவருக்கான கட்டமே இல்லை என்று நிராகரித்தார்கள். 2015-ல் உயர் நீதிமன்றத்தில் வென்று, 2017-ல் உதவி ஆய்வாளர் ஆனார்.

ஆனால் வாரியம் திருநங்கைகளுக்கானது. தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைக்கு அந்தக் கதவும் இல்லை. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது, 2013-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது, 2018 செப்டம்பர் 6-ல் அதே உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றமல்ல என்று தீர்த்துச் சொன்னது. சட்டத்தின் கண்ணில் அன்றோடு குற்றம் போனது. வீட்டுக்குள்?

அதற்கு 2021-ல் நடந்த வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்குப் போய்விட்டார்கள். அங்கே தொண்டு அமைப்புகள் தங்க வைத்தன. பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்தது. பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பெண்களுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார். பிறகு, இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானும் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதன் பிறகே 2021 ஜூன் 7-ல் விரிவான உத்தரவு போட்டார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் சொல்கிறேன், நான் படித்த தீர்ப்புகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இது. அவ்வளவு பெரிய நாற்காலியில் இருப்பவர் மாணவனாக உட்கார்ந்தார்.

அந்த உத்தரவில் என்ன இருக்கிறது? 'மாற்றி விடுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் வைத்தியம் கூடாது. வயது வந்த இருவர் விருப்பத்தோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், காணாமல் போனதாகக் கொடுத்த புகாரைப் போலீஸ் முடித்துவிட வேண்டும். உதவும் அமைப்புகளின் பட்டியல் மக்களுக்குத் தெரிய வேண்டும். பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களைப் பயன்படுத்திப் பெற்றோருக்குப் புரிய வைக்க வேண்டும். இதன் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில், இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தார்கள். அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் 'மாற்று வைத்தியத்தை' மருத்துவரின் தொழில்முறைக் குற்றமாக அறிவித்தது. பத்திரிகைகள் பயன்படுத்த வேண்டிய மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது.

எல்லாம் நேராகப் போகவில்லை. ஆசிரியர்களுக்காக 2021-ல் என்.சி.இ.ஆர்.டி. தயாரித்த வழிகாட்டி, எதிர்ப்பு வந்ததும் இணையதளத்தில் இருந்து எடுக்கப்பட்டது. 2023-ல் தன்பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் 2025 மே மாதம், பெற்றோர் அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணின் வழக்கில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மேலே சொன்ன வரலாற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்தீர்களா? நாமக்கல், சேலம், மதுரை என்று எங்கே பிறந்தாலும் பிள்ளைகள் பஸ் ஏறித்தான் உதவியைத் தேடினார்கள். உதவி பெரும்பாலும் சென்னையில் இருந்தது, பெங்களூரில் இருந்தது. நம் வீட்டில் இருக்கவில்லை.

திருப்பூரோ பஸ் ஏறி வந்தவர்களால் ஆன ஊர். தேனி, திண்டுக்கல், இராமநாதபுரத்தில் இருந்து வந்தார்கள், இப்போது ஒடிசா, பீகாரில் இருந்தும் வருகிறார்கள். கைமடியாகச் சேர்ந்து, பவர் டேபிளில் உட்கார்ந்து, சொந்தமாக யூனிட் போட்டவர்கள் உங்களிலேயே பலர் இருக்கிறீர்கள். உங்கள் செக்கிங் டேபிளில், உங்கள் ஹாஸ்டல் அறையில், வாடகைக்கு விட்ட லைன் வீட்டில் வீட்டைத் துறந்து வந்த ஒரு பிள்ளை இருக்கலாம். அது வாய் திறந்து சொல்லாது. நடையை வைத்துக் கேலி செய்யும் சூப்பர்வைசரைக் கண்டிப்பதும், வேலையை மட்டும் பார்த்துச் சம்பளம் கொடுப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. எந்தச் சட்டமும் இதை உங்களை விட நன்றாகச் செய்துவிட முடியாது.

பெற்றோராக இருப்பவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. ஜீன் மேன்ஃபோர்ட் என்ற அம்மா நியூயார்க்கில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தன்பாலீர்ப்பு உள்ள மகனை ஒரு கூட்டத்தில் அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, 1972-ல் அவனோடு ஊர்வலத்தில் நடந்தார். பெற்றோரே, நம் பிள்ளைகளுக்காக ஒன்று சேருங்கள் என்ற அட்டை அவர் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு ஒரு தேவாலயத்தில் ஏறக்குறைய இருபது பேரோடு பெற்றோர் கூட்டம் தொடங்கினார். இன்று அது அமெரிக்கா முழுக்கக் கிளைகள் உள்ள அமைப்பு.

உங்களை ஊர்வலம் போகச் சொல்லவில்லை. பிள்ளை என்றாவது வந்து "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினால், முழுசாகச் சொல்லவிடுங்கள். அடிக்காதீர்கள். அவசரப்பட்டுக் கல்யாணம் பேசாதீர்கள், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் அதில் சேர்ந்து போகும். 'சரி செய்து தருகிறேன்' என்பவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள். திருநங்கை, திருநம்பியை வீட்டை விட்டு விரட்டுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது என்பதும் நினைவில் இருக்கட்டும். அப்பாரு என்ன சொல்வார், பங்காளிகள் என்ன சொல்வார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை இருந்தால்தானே மற்றதெல்லாம்.

மனசு தாங்காத நேரத்தில் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். 'டெலி மானஸ்' என்ற அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098 உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கருத்துப் பகுதியில் உங்கள் சந்தேகத்தைத் தாராளமாகக் கேளுங்கள், கோபமாகக் கேட்டாலும் பதில் சொல்வேன். ஆனால் நம் ஊர்ப் பிள்ளை யாருடைய பெயரையும், "அவனும் அப்படித்தான்" என்ற குறிப்பையும் அங்கே எழுத வேண்டாம். எழுதினால் உடனே நீக்கிவிடுவேன். யாருக்காவது தனியாகப் பேச வேண்டும் என்றால் என் எண் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள் கண்ணுகளா.