மணிக்குள் ஒளிந்த மன்றாட்டு

சென்ற மாதம் எங்கள் வீட்டுச் சன்னலுக்குப் புதுக் கண்ணாடி பொருத்த வந்த தச்சர், சட்டத்தின் ஓரமெங்கும் மெல்லிய மரப்பட்டை ஒன்றை வைத்து ஆணி அடித்தார். "இது எதற்கு ஆசாரியாரே?" என்று கேட்டேன். "இதுதான் பீடிங், ஐயா. இது இல்லையென்றால் கண்ணாடி நிற்காது" என்றார். பட்டறைகளில் நாள்தோறும் புழங்கும் இச்சொல்லின் வேர், முன்னொரு காலத்தில் 'செபம்' என்று பொருள்பட்டது என்று நான் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அகராதியைப் புரட்டும்வரை நானும் அதை அறிந்திருக்கவில்லை.

ஆங்கிலத்தில் 'பீட்' என்பது இன்று மிகச் சாதாரணமான சொல். நூலில் கோத்த பாசிமணி 'பீட்'. நெற்றியில் அரும்பும் வியர்வைத் துளியும் 'பீட்'. குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கிக் குழலின் நுனியில் வைக்கப்படும் சிறு குமிழும் அதுவே. சக்கரத்தின் விளிம்பை இறுகப் பற்றிக்கொள்ளும் டயரின் ஓரத்திற்கும், இரும்பைப் பற்றவைக்கும்போது படியும் உலோக வரிக்கும் அதே பெயர். மணிகளை வரிசையாக வைத்தாற்போல் மரத்தில் செதுக்கிய அலங்கார ஓரத்திற்கு வழங்கிய பெயர், பின்னர் வழவழப்பான ஓரப்பட்டைக்கும் ஆகி, எங்கள் சன்னல் வரை வந்து சேர்ந்திருக்கிறது. உருண்டையானது, சிறியது, வரிசையாய் அமைவது என்பதே இப்பொருள்கள் பெரும்பாலானவற்றிற்கும் அடிப்படை.

ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கும் உருண்டைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'யெபெட்' என்றால் செபம், மன்றாட்டு. அதன் உறவுச் சொல்லான 'கெபேட்' ஜெர்மன் மொழியில் இன்றும் அதே பொருளில் வழங்குகிறது. வாயிலிருந்து எழும் மன்றாட்டின் பெயர் கையில் உருளும் மணிக்கு எப்படி வந்தது? அதற்கு விடை, நம் முன்னோர் செபங்களை எண்ணிய முறையில் இருக்கிறது.

எண்ணிச் செபிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. எகிப்தியப் பாலைநிலத் துறவியரைப் பற்றி ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய பல்லாதியுஸ், பவுல் என்னும் துறவி நாளொன்றுக்கு 300 செபங்கள் சொன்னதையும், எண்ணிக்கை தவறாதிருக்க மடியில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு செபத்துக்கு ஒன்றாக எறிந்ததையும் குறிப்பிடுகிறார். 11-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வாழ்ந்த கொடைவா சீமாட்டி, தாம் செபங்களை எண்ணப் பயன்படுத்திய மணிக்கல் சரத்தை அங்கிருந்த மாதா சுரூபத்திற்கு அணிவிக்குமாறு எழுதிவைத்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியம். 150 திருப்பாடல்களைப் படிக்க இயலாத எளிய மக்கள் அவற்றுக்கு ஈடாக 150 செபங்களைச் சொன்னார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் எலும்பு, பவளம், அம்பர் என்று ஒவ்வொரு பொருளிலும் செபமணி செய்வோருக்குத் தனித்தனிச் சங்கங்களே இருந்தன.

இங்கேதான் சொல் இடம் மாறுகிறது. அன்றைய இங்கிலாந்தில் ஒருவர் தம் 'பீடுகளை' எண்ணுகிறார் என்றால், செபங்களை எண்ணுகிறார் என்று பொருள். பார்ப்பவர் கண்ணுக்கோ செபம் தெரிவதில்லை. விரல்களுக்கிடையே நகரும் மணிதான் தெரிகிறது. செவிக்குரிய பெயரைக் கண் மெல்லத் தனதாக்கிக்கொண்டது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் தம் கதைத்தொகுதியில் வரும் கன்னியர் மடத் தலைவியின் கையில் பவளமணிச் சரத்தை அணிவித்தபோது, 'பீட்' என்பது மணியின் பெயராகிவிட்டிருந்தது. இன்னொரு வியப்பும் உண்டு. மணி உருட்டுவதற்கு ஆங்கிலேயர் வழங்கிய 'டெல்' என்னும் வினைச்சொல்லுக்கு அக்காலத்தில் 'எண்ணுதல்' என்று பொருள். வங்கியில் பணம் எண்ணித் தருபவரை 'டெல்லர்' என்பதும் அதனாலேயே.

இச்சொல்லைச் சுற்றி அன்பின் உறவுகளும் வளர்ந்தன. ஒவ்வொரு பங்கிலும் இறந்தோரின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்தது; அதற்குப் 'பீட்-ரோல்' என்று பெயர். அதை ஆலயத்தில் வாசித்து அவர்தம் ஆன்மாக்களுக்காக மக்கள் மன்றாடினர். பிறருக்காகச் செபிப்பதையே கடமையாகக் கொண்டு அறநிலையங்களில் வாழ்ந்த ஏழை முதியவர் 'பீட்ஸ்மன்' எனப்பட்டார். சோறும் உடையும் தந்தவருக்கு அவர் திருப்பித் தந்தது செபம் ஒன்றே. ஸ்காட்லாந்தில் அரசரின் வயது எத்தனையோ அத்தனை ஏழைகளுக்கு ஆண்டுதோறும் நீல அங்கியும், அவ்வயதுக்கு இணையான எண்ணிக்கையில் காசுகளும் கொடுத்து, அரசருக்காகச் செபிக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது.

பின்னர் புயல் வந்தது. 1538-இல் எட்டாம் ஹென்றியின் பெயரால் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணை, பொருள் உணராமலும் மனம் வையாமலும் மணிகளை எண்ணிச் செபிப்பதைக் கண்டித்தது. முதலாம் எலிசபெத்தின் காலத்தில், 1571-ஆம் ஆண்டுச் சட்டம் உரோமையிலிருந்து சிலுவைகளையும் படங்களையும் செபமணிகளையும் கொண்டுவந்து வழங்குவதைத் தடைசெய்தது. மீறினால் சொத்துப் பறிமுதலும் சிறையும் காத்திருந்தன. முந்திய ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அரசியைத் திருச்சபையிலிருந்து விலக்கியிருந்ததன் எதிரொலி அது. அதே 1571-இன் அக்டோபரில்தான் லெப்பாந்தோ கடற்போர் வெற்றிக்காக உரோமை செபமாலை அன்னைக்கு நன்றி கூறியது. பின்னாளில், அடக்குமுறைச் சட்டங்கள் நிலவிய அயர்லாந்தில், பத்து மணிகள் மட்டும் கொண்ட சிறு செபமாலை சட்டைக் கைக்குள் மறைந்து உயிர்வாழ்ந்தது.

இங்கிலாந்திலோ இறந்தோர் பட்டியல்கள் வாசிக்கப்படாமற்போயின. செபம் என்னும் பழம்பொருளைத் தாங்கி நின்ற வழக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சொல் மட்டும் சாகவில்லை. வேறு வேலைக்குப் போயிற்று. வெனிஸ் நகரக் கண்ணாடி மணிகள் கப்பல் கப்பலாக ஆப்பிரிக்கக் கரைகளுக்குச் சென்றன. அங்கே பொன்னுக்கும் தந்தத்திற்கும், ஐயோ, மனிதருக்கும் அவை விலையாகக் கொடுக்கப்பட்டன. மன்றாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு பொருள், அடிமைகளை வாங்கும் காசாகவும் உருண்டது. ஒரு சொல்லின் வீழ்ச்சியில் இதைவிடத் துயரமான பகுதி வேறு இருக்குமா?

நம் தமிழிலும் 'மணி' பல பொருள் தரும் சொல்தான். இரத்தினம் மணி, ஆலயத்தில் ஒலிப்பது மணி, கடிகாரம் காட்டுவதும் மணி, வயலில் விளைவது நெல்மணி, அன்புக் குழந்தை கண்மணி. ஆயினும் நம் முன்னோர் செபத்தின் பெயரை மணியிடம் இழந்துவிடவில்லை. கோத்த சரத்தைச் 'செபமாலை' என்றே அழைத்தனர். கிராம்வெல்லின் ஆணை வெளிவந்த நான்கே ஆண்டுகளில், 1542-இல், முத்துக்குளித்துறைக்கு வந்தார் புனித பிரான்சிஸ் சவேரியார். நோயுற்றோரின் வீடுகளுக்கெல்லாம் தாமே செல்ல இயலாதபோது, செபங்களைக் கற்றிருந்த சிறுவர்களை அவர் அனுப்பினார் என்றும், அவர்கள் அவரது செபமாலையை எடுத்துச் சென்றார்கள் என்றும் அவர்தம் வரலாறுகள் கூறுகின்றன. ஒரு நாடு கைவிடத் தொடங்கிய மணிகளை, நம் கடற்கரைச் சிறுவர் கையில் ஏந்தி ஓடினர்.

இதைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றுவிடலாகாது. 1538-ஆம் ஆண்டு ஆணை ஒரு பகைவனின் குரலாக நமக்குத் தோன்றலாம். ஆனால் பொருள் உணராமல், மனம் வையாமல் என்ற அதன் குற்றச்சாட்டில் நம்மைச் சுடும் உண்மை இல்லையா? திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் வெளியிட்ட 'மரியாலிஸ் குல்துஸ்' என்னும் மடலில், தியானமற்ற செபமாலை ஆன்மா இல்லாத உடலைப் போன்றது என்னும் கருத்தை வலியுறுத்துகிறார். எதிரியின் ஏளனமும் தந்தையின் எச்சரிக்கையும் ஒரே புள்ளியைத் தொடுகின்றன.

'பீட்' என்னும் சொல் தன் பொருளை இழக்கத் தொடங்கியது எந்த அரசனின் ஆணையாலும் அன்று. செபத்தைக் காணாமல் மணியை மட்டும் கண்ட நாளிலேயே அந்த இழப்பு தொடங்கிவிட்டது. சட்டம் அதை விரைவுபடுத்தியது, அவ்வளவே. அகராதியில் நடந்தது நம் கைகளிலும் நடக்கலாம். மாலையில் குடும்பமாக அமர்ந்து, தொலைக்காட்சிக்கு ஒரு கண்ணும் மணிக்கு ஒரு விரலுமாக ஐம்பத்து மூன்று முறை அருள்நிறை மரியே சொல்லி முடிக்கும்போது, நம் கையில் எஞ்சியிருப்பது செபமா, வெறும் உருண்டைகளா?

தச்சர் வேலை முடித்துப் போய்விட்டார். கண்ணாடி அசையாமல் நிற்கிறது. அதைப் பிடித்திருக்கும் மெல்லிய பட்டையைக் காணும்போதெல்லாம், 'இது இல்லையென்றால் நிற்காது' என்று அவர் சொன்னது நினைவுக்கு வருகிறது. மரப்பட்டையைப் பற்றித்தான் அவர் சொன்னார். அச்சொல்லின் பழம்பொருளை எண்ணினால், அது நம் வீடுகள் அனைத்திற்கும் பொருந்துகிறது.