ரயில் போச்சு... சைக்கிள் வந்தது!

நஷ்டத்தில் மூடப்பட்ட ரயில் பாதை ஒரு ஊரை வாழ வைக்குமா? நியூசிலாந்தின் தென் தீவில் வாழ வைத்திருக்கிறது.

ஒட்டாகோ மலைநாட்டின் உட்பகுதிக்கு ரயில் பாதை போடும் வேலை 1879-ல் தொடங்கியது. மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளில் பாலம் கட்டி, கிளைடு என்ற ஊரைத் தொட 1907 ஆகிவிட்டது. ஆடு, கம்பளி, பழம் எல்லாம் ரயிலில்தான் டனீடின் நகரத்துக்குப் போயின. பிறகு லாரிகள் அந்தச் சரக்கைப் பிடித்துக்கொண்டன. கடைசியாக கிளைடு அணைக்கட்டுக்குச் சாமான் சுமந்த ரயில், 1990-ல் நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்தார்கள்.

ஆனால் நிலம் துண்டு துண்டாகச் சிதறவில்லை. 1993-ல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அதை எடுத்துக்கொண்டது. பாலங்களில் பலகை அடித்து, சரளைக்கல் பரப்பி, 2000-ல் சுமார் 150 கி.மீ. முழுப் பாதையும் திறக்கப்பட்டது. கார், லாரிக்கு அனுமதி இல்லை. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது என்பதால் அன்றே சரிவைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். அதனால் இன்று மலைநாட்டிலும் சாதாரண ஆள் நிம்மதியாக மிதிக்கலாம்!

களையிழந்திருந்த வழியோரச் சிற்றூர்களில் இப்போது விடுதிகள், உணவகங்கள், வாடகை சைக்கிள் கடைகள். ரயிலின் வரவு செலவுக் கணக்கில் இந்த வரவுக்கு இடமே இருந்ததில்லை. அந்த நிலத்தையும் அன்று விற்றிருந்தால்? யோசித்துப் பாருங்கள் நண்பர்களே...