படி இருந்தால் பிழைக்கும்: ஏட்டுச்சுவடி முதல் கைப்பேசி வரை

புறநானூறு என்றால் நானூறு பாடல்கள். ஆனா நூலைத் திறந்து பாருங்க, 267, 268 ஆகிய இரண்டும் இருக்காது. உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு 1894இல் அச்சிட்டபோதும் அவை கிடைக்கவில்லை. ஏன் தொலைந்தன? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம், மாணவர்களே.

படியெடுக்கும் மரபு

பனையோலைக்குக் கரையான், ஈரம், தீ எல்லாமே பகை. அதனால் நம் முன்னோர் பழைய ஏடு சிதையும் முன்பே புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். படிகள் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் பரவியிருந்தன. ஒரு சுவடியில் ஒடிந்துபோன வரியை இன்னொரு சுவடி கொடுத்தது. எல்லாப் படியிலும் அழிந்த பாட்டு, போனது போனதுதான்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சான நூல்களை வேறிடத்தில் தேடலாம். வேறு படியே இல்லாத சுவடிகளை எங்கே போய்த் தேடுவது?

வீட்டுக்குள் வரும் பேரிடர்

சிங்கப்பூரில் 25 மே 1961 அன்று புக்கிட் ஹோ சுவீ தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். மலேசியாவில் 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் உயிர்தான் முதலில். அதற்குப் பிறகுதான் அலமாரியில் இருந்த பிறப்புப் பத்திரம், தேர்வுச் சான்றிதழ், தாத்தாவின் ஒரே புகைப்படம் நினைவுக்கு வரும். பிறப்பை நிரூபிக்கப் பத்திரம் இல்லாமல் குடியுரிமைக்கு அலைந்த குடும்பங்கள் நம் சமூகத்தில் உண்டு. ஒரு தாள்தானே என்று விட்டுவிட முடியாதுங்க.

இன்று செய்ய வேண்டியது

இன்றைய கணினித் துறையில் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று ஒரு விதி சொல்வார்கள்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில்.

1. கைப்பேசியில் உள்ள படங்களையும், ஸ்கேன் செய்த பத்திரங்களையும் வெளி வன்தட்டில் படியெடுங்கள்.
2. இன்னொரு படியைக் கிளவுட் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ வையுங்கள். வன்தட்டு கணினிப் பக்கத்திலேயே இருந்தால், வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே நனையும்.
3. அடையாள அட்டை எண் போன்ற விவரங்கள் உள்ள கோப்புகளுக்குக் கடவுச்சொல் போடுங்கள்.
4. வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்கள். திறக்காத படி, படியே இல்லை.

மூலப்பத்திரத்தை நீர்புகாத உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். ஸ்கேன் மூலத்துக்கு ஈடாகாது. ஆனால் அதிலுள்ள பதிவு எண் கையில் இருந்தால் மாற்றுப் பத்திரத்துக்கு விண்ணப்பிப்பது எளிது.

அன்று எழுத்தாணி பிடித்து மாதக்கணக்கில் செய்த வேலை, இன்று சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சிந்திக்க

அ. ஒரு நூலின் படிகள் பல ஊர்களில் இருந்ததால் விளைந்த நன்மை யாது?
ஆ. உங்கள் வீட்டில் ஒரே படியாக இருக்கும் மூன்று பொருள்களைப் பட்டியலிடுக.